பட்ஜெட்டுக்கும் பட்டம் உண்டு!
பருவம் தவறிக் கேட்டால் பலன் எங்கே?



வருசா வருசம் மாசி, பங்குனியில் கோட்டையில் பட்ஜெட் வாசிக்கிறார்கள். "விவசாயத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி" என்று டி.வி.யில் ஓடுகிறது. ஒருத்தர் கை தட்டுகிறார். இன்னொருத்தர், "அட போங்கய்யா, எல்லாம் பேப்பர்லதான்" என்கிறார். மறுநாள் பல ஊர்களில் தாலுகா ஆபீஸ் முன்னால் கொடி ஏறுகிறது. "ஒதுக்கியது போதாது, கூட்டிக் கொடு!" என்று கோஷம் கிளம்புகிறது.

கோஷம் நியாயமானது. ஆனால் ஒரு விஷயம் நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பட்ஜெட் வாசித்து முடித்த பிறகு, விவசாயத்துக்கான ஒதுக்கீட்டை ஒரே ஒரு ரூபாய் கூட்ட வேண்டும் என்றாலும் சட்டமன்றத்தால் முடியாது. 234 எம்.எல்.ஏ.க்களும் ஒன்றாக எழுந்து நின்று கேட்டாலும் அவர்களாகக் கூட்ட முடியாது!

நம்ப முடியவில்லையா? அரசியல் சட்டம் 203வது பிரிவைப் பாருங்கள். அரசு கேட்கும் மானியத்தைச் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டலாம் என்று அதில் இல்லை. பணம் கேட்கும் எந்தக் கோரிக்கையும் கவர்னர் பரிந்துரையோடுதான் சபைக்கு வர வேண்டும். கவர்னர் பரிந்துரை என்றால் நடைமுறையில் மந்திரிசபையின் முடிவு. ஆக, கூட்டுகிற சாவி மந்திரிசபை கையில். குறைக்கிற கத்தரி மட்டும்தான் சட்டமன்றத்தின் கையில்.

ஆடிப்பட்டத்தில் விதைக்க வேண்டியதைத் தை மாதம் விதைத்தால் வீடு வந்து சேருமா? பட்ஜெட்டுக்கும் ஒரு பட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போராடுவதுதான் புத்திசாலித்தனம்.

பணம் எப்படி ஓட்டுக்கு வருகிறது?

நிதி மந்திரி வாசிப்பது உரை. அந்த உரைக்கு ஓட்டு கிடையாது. சில நாள் பொது விவாதம் நடக்கும், மந்திரி பதில் சொல்வார், அவ்வளவுதான். பணத்துக்கான ஓட்டு பிறகுதான் வருகிறது. துறை துறையாகப் பிரித்து, "இந்தத் துறைக்கு இவ்வளவு தாருங்கள்" என்று மந்திரிகள் சபையில் கேட்பார்கள். அதற்குப் பெயர் மானியக் கோரிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. நாம் மனப்பாடம் செய்ய வேண்டியவை இவை:

வேளாண்மை - உழவர் நலத்துறை: 5
கால்நடை பராமரிப்பு: 6
கூட்டுறவு: 12
எரிசக்தி, அதாவது கரண்ட்டு: 14
நீர்வளம்: 40
ஊரக வளர்ச்சி: 42

நம் சொசைட்டி கடன், பம்பு செட்டு மின்சாரம், வாய்க்கால் மராமத்து, கிராமச் சாலை எல்லாம் இந்த ஆறு நம்பருக்குள் இருக்கிறது. இவை எல்லாம் நிறைவேறிய பிறகு நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். அது நிறைவேறினால்தான் கஜானாவில் இருந்து சட்டப்படி பணம் எடுக்க முடியும். அதற்குள் ஏப்ரல் 1 வந்துவிட்டால் செலவு நிற்கக் கூடாது என்று சில மாதத்துக்கு முன்பணமாக வாங்கிக்கொள்வார்கள்.

வாங்கிய கடனுக்கு வட்டி, நீதிபதிகள் சம்பளம் போன்ற செலவுகளுக்கு ஓட்டே கிடையாது. பேசலாம், மறுக்க முடியாது. அரசு வாங்கிய கடனுக்கு வட்டி முதலில் போகும். நம் வாய்க்காலுக்கு மீதி.

தனி பட்ஜெட், ஆனால் தனி ஓட்டு இல்லை

2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழ்நாட்டில் முதல் முறையாக வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்டது. விவசாயத்துக்கு என்று ஒரு நாள் ஒதுக்கிப் பேசியது நல்ல காரியம். அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் உள்விவரம் என்ன?

2025 மார்ச் 15இல் வாசித்த வேளாண் பட்ஜெட்டின் மொத்தத் தொகை ரூ.45,661 கோடி. இதில் இலவச மின்சாரத்துக்காக மின் நிறுவனத்துக்குப் போகும் ரூ.8,186 கோடியும் அடக்கம். அந்தப் பணம் எரிசக்தித் துறைக் கணக்கில் உள்ளது. கூட்டுறவு, நீர்வளம், ஊரக வளர்ச்சி என்று பல துறைக் கணக்கில் கிடப்பதையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டியதுதான் அந்தப் பெரிய தொகை. வேளாண் பட்ஜெட் என்று சட்டமன்றத்தில் தனியாக ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டு அந்தந்த மானியக் கோரிக்கைக்குத்தான்.

அதனால் 45,661 என்ற நம்பரைப் பார்த்துக் கை தட்டவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். போன வருசம் 5ஆம் நம்பரில் எவ்வளவு, இந்த வருசம் எவ்வளவு? 40ஆம் நம்பரில் நம் ஜில்லா வாய்க்காலுக்கு எவ்வளவு? இதைக் கேளுங்கள்.

110ஆம் விதி என்றால் என்ன?

நம் சட்டமன்ற விதிகளில் 110வது விதி ஒன்று உண்டு. அதன் கீழ் முதலமைச்சரோ மந்திரியோ எழுந்து ஓர் அறிக்கை வாசிக்கலாம். அதன்மேல் அப்போது விவாதம் கிடையாது. இதை எல்லா ஆட்சியும் பயன்படுத்தி இருக்கிறது.

2021 பிப்ரவரி 5 அன்று, தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ.12,110 கோடி தள்ளுபடி என்று இந்த விதியின் கீழ்தான் அறிவித்தார்கள். 16.43 லட்சம் விவசாயிகளுக்குப் பலன் என்றார்கள். கடன் ரத்தானது நிஜம். நமக்குச் சந்தோசம். ஆனால் அதே மாதம் வந்த இடைக்கால பட்ஜெட்டில் இதற்காக வைத்த பணம் ரூ.5,000 கோடி. பாக்கியைப் பின்னால் வரும் வருசங்களில் அரசு தவணை தவணையாகச் சொசைட்டிக்குக் கொடுக்க வேண்டும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? அறிவிப்பு ஒரே நாளில் வந்துவிடும். பணம் ஒவ்வொரு வருசமும் 12ஆம் நம்பர் மானியத்தில் ஏறி வர வேண்டும். ஏறாவிட்டால் சொசைட்டியில் பணப்புழக்கம் குறையும். அடுத்த போகத்துக்குக் கடன் கேட்டுப் போனால், "இப்ப இல்ல, அப்புறம் வாங்க" என்பார்கள். தள்ளுபடி கேட்டுப் போராடிய நாம், அந்தத் தள்ளுபடிப் பணம் சொசைட்டிக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டோமா என்பதுதான் ஒவ்வொரு ஊரிலும் எழ வேண்டிய கேள்வி.

வரி மட்டும் எப்படி ஏறுகிறது?

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் போடக் கூடாது என்கிறது அரசியல் சட்டம் 265வது பிரிவு. படிக்க நன்றாக இருக்கிறது. நடப்பு என்ன?

2020 மே 3. கொரோனா ஊரடங்கு. சட்டமன்றம் கூடவில்லை. அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தது. மாநில வரியால் டீசல் லிட்டருக்கு ரூ.2.50, பெட்ரோல் ரூ.3.25 விலை ஏறியது. எந்த எம்.எல்.ஏ.வும் அன்றைக்கு ஓட்டுப் போடவில்லை. 2021 ஆகஸ்டில் புதிய ஆட்சியின் பட்ஜெட் வந்தபோது பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் குறைத்தார்கள். டீசலுக்குக் குறைக்கவில்லை. டிராக்டரும் பவர் டில்லரும் அறுவடை மிஷினும் பெட்ரோலிலா ஓடுகிறது?

ஜி.எஸ்.டி. கதை இன்னும் தூரம். 2017இல் தமிழ்நாடு ஜி.எஸ்.டி. சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அதற்குப் பிறகு வரிவிகிதம் பற்றிய முடிவு ஜி.எஸ்.டி. கவுன்சிலில். அங்கே மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். மத்திய அரசு வேண்டாம் என்றால் எதுவும் நகராது. டிராக்டருக்கு 12 சதவிகிதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவிகிதம் ஆனதும் அந்தக் கவுன்சில் முடிவுதான். நம் எம்.எல்.ஏ.விடம் ஜி.எஸ்.டி.யைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுத்தால் அது ஊர் மாறிப் போன கடிதம். டீசல் வரியைக் கேளுங்கள், அது இன்னமும் மாநிலத்தின் கையில் இருக்கிறது.

"ஆம்" என்றவர் யார்?

மானியக் கோரிக்கைகள் பெரும்பாலும் குரல் ஓட்டில் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் "ஆம்" என்பார்கள், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்பார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று சபாநாயகர் முடிவு சொல்வார். யார் என்ன சொன்னார் என்று பேர் பேராகப் பதிவு இருக்காது. ஆயிரம் கோடிக் கணக்கான பணம் ஒரு மூச்சில் நிறைவேறும்.

எண்ணியே தீர வேண்டும் என்றால் எண்ண முடியும். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை ஓட்டெடுப்பில் பிரிவு பிரிவாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். நாற்காலிக்கு எண்ணத் தெரிந்தவர்களுக்கு நம் பணத்துக்கு எண்ணத் தெரியாதா?

"கட்சி கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடுமே, எம்.எல்.ஏ. என்ன பண்ணுவார் பாவம்?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கட்சி உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி பறிபோகலாம். ஆனால் கேள்வி கேட்பதற்கு எந்தக் கொறடா தடை? 40ஆம் நம்பர் விவாதத்தில் எழுந்து, "என் தொகுதிக் கடைமடைக்குத் தண்ணி வரல, மதகு உடைஞ்சு கிடக்கு" என்று சொல்ல எந்தச் சட்டம் தடுக்கிறது? எதிர்க்கட்சிக்காரர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். மானியத்தில் ஒரு சின்னத் தொகையை வெட்டச் சொல்லி, அந்தச் சாக்கில் நம் குறையைச் சபையில் பதிய வைக்கும் வழி அது. நிறைவேறாது. ஆனால் மந்திரி பதில் சொல்ல வேண்டி வரும். அந்தப் பதில் சபைக் குறிப்பில் ஏறும். அடுத்த வருசம் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது மூன்று

ஒன்று: ஐப்பசி, கார்த்திகையிலேயே கேளுங்கள். துறைகள் அடுத்த வருசத்துக் கணக்கைப் பொங்கலுக்கு முன்பே போட்டுவிடுகின்றன. மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். அந்த நகலை எம்.எல்.ஏ.விடமும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். "தூர் வாருங்கள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த வாய்க்கால், எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஏக்கர் பாசனம் என்று எழுதுங்கள். ஏரி என்றால் யாருடையது என்று பாருங்கள். 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது, அது 42ஆம் நம்பர். அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை, 40ஆம் நம்பர். வாசல் மாறிக் கொடுத்த மனு வருசக் கணக்கில் சுற்றும்.

இரண்டு: நம் ஆறு நம்பரும் சபைக்கு வருகிற தேதியைக் குறித்து வையுங்கள். 2025இல் மானியக் கோரிக்கை விவாதம் மார்ச் 24இல் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை நடந்தது. அந்தத் தேதிக்கு முதல் வாரம் எம்.எல்.ஏ. வீட்டுக்கு நாலு பேராவது போங்கள். ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்க்காதீர்கள். "ஐயா, இந்த நம்பர் வருது, எங்க விஷயத்தைப் பேசுங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பேசி முடிந்ததும், "என்ன பேசினீங்க, மந்திரி என்ன சொன்னாரு?" என்று கேட்டு வந்து ஊர்க் கூட்டத்தில் சொல்லுங்கள். பேசாவிட்டால் அதையும் சொல்லுங்கள்.

மூன்று: செலவைக் கேளுங்கள். பட்ஜெட் புத்தகத்தில் மூன்று கணக்கு இருக்கும். முதலில் போட்ட மதிப்பீடு, பிறகு திருத்திய மதிப்பீடு, கடைசியில் உண்மையாகச் செலவான கணக்கு. முதலாவதைத்தான் மேடையில் சொல்வார்கள். மூன்றாவது யாருக்கும் தெரியாமல் வரும். நம் வட்டாரத்துக்கு வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிக் கேளுங்கள். சின்னத் தொகையில் ஒரு துறையின் கணக்கு வெளியே வரும்!

விவசாயப் பெருமக்களே! தெருவில் இறங்கிப் போராடுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. கோட்டைக்குள் 5, 6, 12, 14, 40, 42 வருகிற நாளும் போராட்ட நாள்தான் என்கிறோம். உரம் வாங்கினாலும் டீசல் போட்டாலும் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுவது நாம். அந்தப் பணத்துக்கு "ஆம்" சொல்லும் குரல் யாருடையது என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு.

பட்டம் பார்த்து விதைப்போம்! பருவம் பார்த்துக் கேட்போம்!
அறிவிப்புக்குக் கை தட்ட மாட்டோம்! செலவுக்குக் கணக்குக் கேட்போம்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!