மறுக்கும் உரிமையும் காக்கும் கடமையும்

மக்கள் தம் உயிரை முன்பின் அறியாத பிறர் பொறுப்பில் முழுமையாக ஒப்படைக்கும் இடங்கள் சிலவே. அவற்றுள் வானூர்தியின் இருக்கை முதன்மையானது. அதில் அமரும் பயணி, ஓட்டுபவரின் திறனை ஆராய்ந்தவரல்லர். பொறியைச் செப்பனிட்டவரின் முகத்தைக் கண்டவருமல்லர். ஆராய வேண்டியவர் தமக்காக ஆராய்ந்திருப்பார், கற்பிக்க வேண்டியவர் பிழையறக் கற்பித்திருப்பார் என்னும் நம்பிக்கை ஒன்றே அவரை அங்கே அமர்த்துகிறது. அந்த நம்பிக்கைக்குப் பிணை நிற்போர் வானூர்திப் பாதுகாப்பு ஆய்வாளரும் பறப்புப் பயிற்றுநருமே. வானோடியின் சீருடைக்கு நாம் அளிக்கும் மதிப்பில் ஒரு பங்கையேனும் இவ்விருவர்க்கும் அளித்திருக்கிறோமா என்பது, அரசும் சமுதாயமும் ஒருங்கே விடைகூற வேண்டிய வினாவாகும்.

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையொப்பமான உடன்படிக்கை, தன் நாட்டில் பதிவுபெற்ற வானூர்திகள் பறக்கத் தக்கவை என்பதற்கும் அவற்றை இயக்குவோர் உரிய தகுதி பெற்றவர் என்பதற்கும் சான்று வழங்கும் கடமையை அந்தந்த நாட்டின் மீதே சுமத்தியது. அக்கடமை நிறைவேறுகிறதா என்பதை அளக்கப் பன்னாட்டுப் பொது வான்போக்குவரத்து அமைப்பு எட்டு அடிப்படைக் கூறுகளை வகுத்துள்ளது. சட்டமும் விதிமுறைகளும் அவற்றுள் இடம்பெறுகின்றன என்றாலும், தகுதிவாய்ந்த தொழில்நுட்பப் பணியாளர், இடையறாத கண்காணிப்பு, கண்டறிந்த குறையைத் தீர்த்து முடித்தல் ஆகியவை தனித்தனிக் கூறுகளாகவே நிற்கின்றன. ஏட்டில் எழுதிய விதி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் கையிலேந்தி வானூர்தியின் அருகே சென்று நிற்க ஆளில்லையேல் அவ்விதியால் ஓர் உயிரும் காக்கப்படாது என்னும் பட்டறிவே இப்பகுப்பின் அடிப்படை.

ஆய்வாளரின் பணி பலரும் எண்ணுவதுபோல் முத்திரையிடும் பணியன்று. பராமரிப்புப் பதிவேட்டில் உள்ள கையொப்பத்துக்கும் கழற்றி மாட்டப்பட்ட உறுப்புக்கும் பொருத்தமுண்டா, உருளிப்பட்டையின் தேய்மானம் வரம்புக்குள் உள்ளதா, எரிபொருள் கணக்கு மாற்று வானூர்தி நிலையம்வரை செல்லப் போதுமா, வானோடி உரிய ஓய்வு பெற்றுத்தான் பணிக்கு வந்தாரா என்பனவற்றை அவர் ஒவ்வொன்றாக வினவுகிறார். வானோடியறையின் பின்னிருக்கையில் அமர்ந்து, அனுபவம் மிக்க தலைமை வானோடியின் செயலையும் மதிப்பிடுகிறார். குறை கண்டால், பயணிகள் காத்திருப்பினும் நிறுவனம் இழப்பைச் சுட்டிக்காட்டினும், பறத்தலை நிறுத்தும் அதிகாரம் அவருக்குண்டு. தாம் ஆராய்வோரைவிடக் குறைந்த அறிவுடையவர் இப்பணியை ஆற்ற இயலாது. ஆனால் அத்தகைய அறிவுடையோர்க்கு நிறுவனங்கள் தரும் ஊதியம் அரசு தரும் ஊதியத்தினும் பெரிது. உலகெங்கும் கண்காணிப்பு ஆணையங்கள் ஆளின்றித் தளர்வதற்கு இவ்வேற்றுமை ஒரு முக்கியக் காரணம்.

இத்தளர்ச்சியின் விலையை நம் நாடு அறியும். பழைய பொது வான்போக்குவரத்துத் துறைக்கு மாற்றாக மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையம் 2018 பிப்ரவரி 19 அன்று நிறுவப்பட்டது. இரண்டாண்டு நிறைவதற்குள், 2019 நவம்பர் 11 அன்று, அமெரிக்கக் கூட்டரசு வான்போக்குவரத்து நிருவாகம் நம் நாட்டை முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. அத்தரவரிசை தனியொரு நிறுவனத்தின் வானூர்திகளைப் பழிப்பதன்று. அவற்றைக் கண்காணிக்க வேண்டிய ஆணையத்தையே அளப்பது. தொழில்நுட்ப அறிவு, பயிற்சி பெற்ற பணியாளர், பதிவேடு பேணல், ஆய்வு நடைமுறை, குறை தீர்த்தல் ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ ஆணையம் பன்னாட்டு அளவுகோலை எட்டவில்லை என்பதே இரண்டாம் தரத்தின் பொருள். நம் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய வழித்தடம் தொடங்கும் வாய்ப்பை இழந்தன; ஆணையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பதவி விலகினார்; இழந்த தரம் 2022 அக்டோபர் மாதத்தில்தான் மீண்டது. ஓராண்டு ஊதியச் செலவைக் குறைத்து மிச்சப்படுத்திய பணம், மூன்றாண்டு நற்பெயர் இழப்புக்கு ஈடாகாது.

இந்தியா இவ்வழியே நமக்கு முன்னர் நடந்தது. 2014 ஜனவரி இறுதியில் அந்நாடும் இவ்வாறே தரமிறக்கப்பட்டது. முழுநேர ஆய்வாளர் பற்றாக்குறையே அங்குச் சுட்டப்பட்ட குறைகளுள் முதன்மையானது. தரமிறக்கம் அறிவிக்கப்படுவதற்குச் சில நாள் முன்னரே, மேலும் 75 முழுநேர ஆய்வாளரை அமர்த்த அந்நாட்டு அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. 2015 ஏப்ரலில் தரம் மீண்டது. அந்த எடுத்துக்காட்டு கண்முன் இருந்தும் ஆறாண்டுக்குள் நாமும் அதே பள்ளத்தில் இறங்கினோம் என்பதை எண்ணுங்கால், பிறர் இடரைக் கண்டு தன் நடையைத் திருத்தும் பண்பு நம் நிருவாகத்தில் எவ்வளவு அருகியிருந்தது என்பது புலனாகும்.

பிறரை அளந்த அமெரிக்க நிருவாகமும் இக்கடமையில் வழுவியதுண்டு. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் போயிங் 737 மேக்ஸ் வகை வானூர்திகள் இரண்டு வீழ்ந்து 346 பேர் உயிரிழந்தனர். சான்றளிக்கும் பணியின் பெரும்பகுதி, தயாரித்த நிறுவனத்தின் பணியாளரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது பின்னர் நடந்த விசாரணைகளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. ஆராயப்படுவோரிடமே ஊதியம் பெறுவோர், தம் மனச்சான்று எத்துணைத் தூயதாயினும், காலக்கெடுவின் அழுத்தத்துக்கு நடுவே மறுப்புரைக்கத் தயங்குவர். எனவே ஆய்வாளரின் எண்ணிக்கையோடு அவரது தற்சார்பையும் காப்பது அரசின் கடமையாகிறது. நம் நாட்டிலோ, வான்போக்குவரத்துச் சந்தையை நெறிப்படுத்திய அமைப்பும் 2025 ஆகஸ்டு முதல் மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. வணிக வளர்ச்சியும் பாதுகாப்பும் ஒரே கூரையின்கீழ் வந்துள்ள இந்நிலையில், முன்னதன் குரல் பின்னதன் குரலை மூழ்கடிக்காதிருக்கத் தெளிவான வேலி வேண்டும்.

ஆய்வாளர் வேலியென்றால், பயிற்றுநர் விளைநிலத்தைப் பண்படுத்துபவர். 1995 செப்டம்பர் 15 அன்று சபாவின் தாவாவில் மலேசிய வானூர்தி நிறுவனத்தின் போக்கர் 50 வானூர்தி ஓடுபாதையைக் கடந்து வீழ்ந்து 34 பேர் மாண்டனர். எஞ்சிய ஓடுபாதை போதாதென்ற நிலையிலும் இறங்குதலைக் கைவிட்டு மீண்டும் மேலெழாததே அவ்வழிவுக்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2023 ஆகஸ்டு 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங் நோக்கி வந்த சிறு தாரை வானூர்தி ஷா ஆலாமின் எல்மினாவில் வீழ்ந்தபோது, அதிலிருந்த எண்மரோடு சாலையில் சென்ற இருவரும் உயிரிழந்தனர். தரையைத் தொட்டபின் இறக்கையின் ஏந்துவிசையைக் குறைப்பதற்கென அமைந்த தடுப்புகள், இறங்குமுன் செய்யும் சரிபார்ப்பின்போது நடுவானிலேயே தவறுதலாக விரிக்கப்பட்டன என்பது விசாரணையின் முடிவு. முன்னது தீர்ப்புத் திறனின் பிழை. பின்னது கைப்பழக்கத்தின் பிழை. எப்போது கைவிட வேண்டும், எதனை ஒருபோதும் தொடலாகாது என்னும் இரண்டும் பயிற்சியின் முதல் நாள்களிலேயே மனத்தில் வேரூன்ற வேண்டியவை.

இத்தகைய பொறுப்பைச் சுமக்கும் பயிற்றுநர் பணி, உலகின் பல பகுதிகளில் ஒரு தங்கல் மடமாகவே நடத்தப்படுகிறது. வணிக உரிமம் பெற்ற இளைஞர், பறந்த மணிக்கணக்கைப் பெருக்கிக்கொள்ளும் பொருட்டுச் சிறிது காலம் கற்பிக்கிறார். நிறுவனம் அழைத்தவுடன் செல்கிறார். அவர் கற்பித்தவருள் ஒருவர் அவ்விடத்தை நிரப்புகிறார். வாய்ப்பைத் தேடிச் செல்லும் இளைஞரை நாம் குறை கூறோம். கற்பித்தலிலேயே முதிர்ந்து நிலைக்க விரும்புவோர்க்கு உரிய ஊதியமும் படிநிலை உயர்வும் இல்லாத ஏற்பாட்டையே குறை கூறுகிறோம். மாணவர் முதன்முறை தனித்துப் பறக்கத் தகுதியானவரா என்று முடிவு செய்பவர் பயிற்றுநரே. பெருங்கட்டணம் செலுத்திய பெற்றோரின் எதிர்பார்ப்பையும், மாணவர் எண்ணிக்கையை நாடும் பள்ளியின் விருப்பத்தையும் மீறி, ‘இன்னும் ஆகவில்லை’ என்று கூறும் உறுதி, நிலையான பணியும் நெடிய பட்டறிவும் உடையவர்க்கே எளிதில் கைவரும்.

இவற்றையெல்லாம் பினாங்கு மாநிலத்தின் பத்து காவானிலிருந்து எழுத நமக்குக் காரணமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக இம்மண்ணின் தோட்டங்களில் உழைத்தனர். 2014 மார்ச் 1 அன்று திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலம் இவ்வூரைப் பினாங்குத் தீவின் பத்து மாவுங்கோடு இணைத்தபின், தோட்டங்கள் இருந்த நிலத்தில் குறைகடத்திக் கருவிகளும் மருத்துவக் கருவிகளும் செய்யும் ஆலைகள் எழுந்தன. பாலத்தின் மறுகரைக்கு அப்பால், 1935 முதல் இயங்கிவரும் பாயான் லெப்பாஸ் வானூர்தி நிலையம், ஆண்டுக்கு 65 இலட்சம் பயணியர்க்கான கொள்ளளவிலிருந்து 1 கோடியே 20 இலட்சமாக விரிவாக்கப்படுகிறது. பயணியர் இருமடங்கை நெருங்கும்போது, அவர்தம் உயிர்க்குப் பிணை நிற்போரும் அதற்கேற்பப் பெருக வேண்டாமா? அவர்களுள் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டாமா?

நம் சமுதாயத்தில் வானூர்தித் தொழில் என்றதும் வானோடி என்னும் ஒரே கனவே எழுகிறது. சேமிப்பைக் கரைத்தும் கடன்பட்டும் பிள்ளையை அப்பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், பெருந்தொற்றுக் காலத்தில் பணியிழந்த வானோடிகளின் நிலையை மறத்தலாகாது. நுண்ணிய குறையைக் கண்டறிந்து, அதனைப் பதிவுசெய்து, சரியாகும்வரை பொருளை வெளியே விடாத ஒழுக்கம், இவ்வட்டாரத்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் பணிபுரியும் நம் இளைஞர்க்குப் புதிதன்று. கணிதமும் இயற்பியலும் தேர்ந்த மாணவர், வானூர்திப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெற்று, பணிமனையில் ஆண்டுகள் சில உழைத்து, பின்னர் ஆய்வாளராகும் பாதையும் திறந்தே உள்ளது. அது நெடிய பாதை. ஆயினும் நேரிய பாதை. எஸ்.பி.எம். தேர்வை முடிக்கும் மாணவர்க்கு அதனை எடுத்துரைக்க வேண்டிய பொறுப்பு ஆசிரியர்க்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் சமுதாய இயக்கங்களுக்கும் உண்டு.

அரசிடம் நாம் வேண்டுவன மூன்று. ஆய்வாளரின் ஊதியத்தைத் தொழில்துறை ஊதியத்துக்கு நிகராக உயர்த்துக. நல்ல நெஞ்சோடு பறத்தலை நிறுத்திய ஆய்வாளர் எவரும் அதன் பொருட்டுப் பதவி இழக்காமலும் இடமாற்றப்படாமலும் இருக்கச் சட்டத்தின் காப்பை வலுப்படுத்துக. பயிற்றுநர் பணியைத் தனித் தொழிலாக மதித்து, அதற்குப் படிநிலையும் உதவித்தொகையும் வகுக்க வானூர்திப் பள்ளிகளையும் நிறுவனங்களையும் பொறுப்பாக்குக. தரமிறக்கம் நேர்ந்தபின் விரைவதும், விபத்து நேர்ந்தபின் இரங்குவதும் ஆட்சியின் இலக்கணமாகா. ‘இன்று இவ்வானூர்தி பறக்கலாகாது’ என்று சொல்லும் உரிமையுடைய மனிதரை ஒரு நாடு எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது, எவ்வாறு போற்றுகிறது, அச்சமின்றிப் பேச எவ்வாறு துணை நிற்கிறது என்பதைப் பொறுத்தே அந்நாட்டின் வான்வழி பாதுகாப்பானதாகும். அம்மனிதரை உருவாக்கும் கடமையை அரசு இனியும் தள்ளிப்போடலாகாது; அவராக உயரும் வாய்ப்பை நம் இளைஞரும் கைவிடலாகாது.