கூரை போட்ட பாலம்



பாலத்துக்கு எதற்குக் கூரை? வியட்நாமின் ஹோய் ஆன் ஊரில் அந்தச் சின்ன மரப்பாலத்தின் முன் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான். காரணம் எளிது. மழையில் நனைந்து வெயிலில் காயும் மரம் சீக்கிரம் உளுத்துவிடும். மேலே ஓடு வேய்ந்துவிட்டால் பல தலைமுறை தாங்கும். அமெரிக்கக் கிராமங்களிலும் சுவிட்சர்லாந்திலும் இதற்காகவே பாலங்களுக்குக் கூரை போட்டார்கள். ஹோய் ஆன்காரர்கள் கூடவே ஒரு கோயிலையும் ஒட்டிக் கட்டிக்கொண்டார்கள்!

1593-இல் ஜப்பானிய வணிகர்கள் தொடங்கிய பாலம் என்பார்கள். ஒரு முனையில் நாய்ச் சிலைகள், மறுமுனையில் குரங்குகள். பூமிக்கடியில் ஒரு பூதம் படுத்திருக்கிறதாம். தலை இந்தியாவில், வால் ஜப்பானில். அது புரண்டால் நிலம் நடுங்கும் என்று, அசையாதபடி அதன் முதுகில் இந்தப் பாலத்தைக் கட்டினார்களாம். தலை நம் பக்கம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு வியட்நாம் என்றால் சைகோன். பிரெஞ்சு அரசின் குமாஸ்தாக்களாகவும் சிப்பாய்களாகவும் நம்மவர்கள் கப்பலேறிப் போன ஊர். 1875-இல் தொடங்கிய இந்தோசீனா வங்கிக்குச் சைகோனிலும் கிளை, புதுச்சேரியிலும் கிளை. அதே பிரெஞ்சுக்காரர்கள்தான், மோட்டார் வண்டி போகவேண்டும் என்று ஹோய் ஆன் பாலத்தின் வளைந்த தளத்தைத் தட்டையாக்கினார்கள். 1986-இல் பழுது பார்த்தபோது பழைய வளைவு திரும்ப வந்தது.

அண்மைப் பழுதுபார்ப்புதான் இதை எழுதவைத்தது. 2022 கடைசியில் பாலத்துக்கு மேல் பெரிய கொட்டகை போட்டு, மரம் மரமாகப் பிரித்து, நல்லதை வைத்துக்கொண்டு உளுத்ததை மட்டும் மாற்றினார்கள். வேலை நடப்பதைச் சுற்றுலாப் பயணிகளும் பார்க்க முடிந்தது. 2024 ஆகஸ்டில் திறந்ததும் ஒரே சண்டை: நிறம் பளபளவென்று இருக்கிறது, பழமையே போச்சு என்று. எனக்கென்னவோ அது கொடுத்துவைத்தவர்களின் புகாராகத்தான் பட்டது. நாலு மழைக்காலம் போனால் அந்தப் பளபளப்பு தானே மங்கிவிடும்.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புதுச்சேரியில் நம் மேரி கட்டடத்தை நினைத்துப்பாருங்கள். 1870-களில் எழும்பி, கடலைப் பார்த்து நின்ற நகராட்சி மாளிகை. பழுதாகிக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். 2014 நவம்பர் 29-ஆம் தேதி, கார்த்திகை மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பழைய கட்டடத்தில் ஒழுகிய கூரையை ஒழுகும்போதே அடைத்திருந்தால் செலவும் குறைந்திருக்கும், நாம் இழந்ததும் குறைந்திருக்கும்.

வைசியாள் வீதித் தாழ்வாரங்கள் சீரமைப்பால் தப்பித்தவை. தெருவில் போகிறவர் மழைக்கு ஒதுங்கட்டும் என்று வீட்டுக்காரர் இறக்கிய கூரைகள் அவை. அங்கே நடந்த சீரமைப்புக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. மற்ற தெருக்களில் இன்னும் எத்தனையோ தாழ்வாரங்கள் சாய்ந்துகொண்டிருக்கின்றன.

பழைய வீட்டைப் பழுது பார்ப்பது பற்றி அடுத்த இதழில் ஒரு கட்டுரை போட எண்ணம். சுண்ணாம்புக் கலவை தெரிந்த கொத்தனார், மெட்ராஸ் டெரஸ் கூரையின் மரக்கட்டையை மாற்றத் தெரிந்த ஆசாரி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். நாட்டு ஓடு எங்கே கிடைக்கிறது என்றும் சொல்லுங்கள். பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்