ஃபீட் முகவரி தயாரிப்பாளருக்கே உரியது: செயற்குழுவின் நிலைப்பாடு

நம் பாட்காஸ்ட் தயாரிப்பாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் பலர் நம்பியிருக்கும் கட்டணமில்லா ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று, செயலிகளுக்குப் புதிய அத்தியாயங்களைத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஃபீட் புதிய நிகழ்ச்சிகளுக்கு இனி தானாக உருவாகாது என்றும், வெளியேறுவோரின் பழைய ஃபீட் முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் வசதி அடுத்த மாதத்தோடு நிறுத்தப்படும் என்றும் அறிவித்துள்ளது. இதை நாங்கள் ஏற்கவில்லை.

பழைய வரலாறு உறுப்பினர்களுக்குத் தெரியும். 2005இல் ஐடியூன்ஸுக்குள் பாட்காஸ்டைக் கொண்டுவந்த ஆப்பிள்கூடப் பட்டியலைத்தான் வைத்துக்கொண்டது. ஒலிக்கோப்பும் ஃபீடும் தயாரிப்பாளரிடமே இருந்தன. 2024இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடப்பட்டபோது, கேட்பவர்கள் தங்கள் சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போக முடிந்தது. செயலி போனாலும் நிகழ்ச்சி பிழைத்தது, ஃபீட் திறந்திருந்ததால்.

ரீடைரக்ட் இல்லையென்றால் நிகழ்ச்சி அப்படிப் பிழைக்காது. நாம் ஹோஸ்டிங்கை மாற்றும்போது, பழைய முகவரி 301 என்று பதில் சொல்லிப் புதிய முகவரியைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சந்தாதாரரின் செயலி பழைய முகவரியையே பார்த்துக்கொண்டிருக்கும். புதிய அத்தியாயம் எதுவும் வராது; நிகழ்ச்சி நின்றுவிட்டது என்று அவர் நினைப்பார். அவரைத் தேடிப் போய்ச் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் ஆர்எஸ்எஸ்ஸில் சந்தாதாரர் யார் என்பது நமக்குத் தெரியாது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த கேட்பவர்களை ஒரே நாளில் துண்டிக்கும் இந்த ஏற்பாட்டைச் ‘சேவை மேம்பாடு’ என்று அழைப்பது அப்பட்டமான ஏமாற்று. குரல் நம்முடையது, உழைப்பு நம்முடையது. வாசல் சாவி மட்டும் அவர்களிடமா?

ரீடைரக்ட் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று குழுவில் சிலர் வலியுறுத்தினர். இயன்றவரை நீண்ட காலம், எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையாமல், கட்டணமின்றித் தர வேண்டும் என்பதே ஒருமித்த கோரிக்கை. நிகழ்ச்சியின் உரிமையைச் சரிபார்க்கும் மின்னஞ்சல் முகவரியை ஃபீடில் வைப்பதா மறைப்பதா என்பதும் தயாரிப்பாளரின் முடிவாக இருக்க வேண்டும்.

நிகழ்ச்சியை ஒரே தளத்துக்கு மட்டும் தருவதாக ஒப்பந்தம் செய்துகொள்வது அவரவர் வருமானம் சார்ந்தது. தற்போதைக்கு அதைச் சங்கம் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை.

புதிதாகத் தொடங்குவோர் சொந்த டொமைன் பெயரில் ஃபீட் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஹோஸ்டிங் நிறுவனத்தில் நிகழ்ச்சி வைத்திருப்போர், ரீடைரக்ட் நிற்பதற்கு முன், இந்த மாதத்துக்குள்ளேயே வெளியேறிவிடுங்கள்.