அப்பன் எப்படிச் செத்தான்?

பிள்ளைக்குப் படிப்புதவி தருகிறோம் என்கிறது அரசு. கையை நீட்டினால் முதலில் ஒரு கேள்வி வருகிறது: உங்கப்பன் எப்படிச் செத்தான்? குண்டு பட்டுச் செத்திருந்தால் வீரமரணம், இந்தா வாங்கிக்கோ. தன்னைத்தானே மாய்த்துக்கொண்டிருந்தால் போ வெளியே. பிறப்பில்தான் மேல் கீழ் வைத்தார்கள் என்று பார்த்தால் சாவிலும் வைத்திருக்கிறார்கள். தற்கொலை தீட்டுச் சாவாம். அந்தத் தீட்டு, செத்தவனோடு போகாமல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைமேல் ஒட்டிக்கொள்கிறது.

இது நம்மூர்ப் புத்தி மட்டும் அல்ல. அமெரிக்காவில், பணியில் சாகும் போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் குடும்பங்களுக்கான உதவிச் சட்டம் 1976இல் வந்தது. 1990களில் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கும் உதவி சேர்ந்தது. தற்கொலை என்றால் எதுவும் கிடையாது. 2021 ஜனவரி 6 அன்று, தேர்தல் தோல்வியை ஏற்காத டிரம்ப் ஆதரவுக் கும்பல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. அன்று பணியில் நின்ற காவலர்களில் நான்கு பேர் அடுத்த சில மாதங்களுக்குள் தற்கொலை செய்துகொண்டார்கள். கணவனை இழந்த பெண்கள் விடவில்லை, போராடினார்கள். 2022 ஆகஸ்டில் சட்டம் திருத்தப்பட்டது. பணியில் பார்த்த கொடுமையால் மனம் சிதைந்து மாய்ந்தவரும் பணியில் இறந்தவரே என்று ஒத்துக்கொள்ள அந்த நாட்டுக்கு 46 வருஷம் ஆகியிருக்கிறது.

‘தற்கொலைக்குக் காசு கொடுத்தால் இன்னும் நாலு பேர் சாவான்’ என்று ஒரு வாதம் வைப்பார்கள். காசு கிடையாது என்ற விதி இருந்த காலத்தில் யார் சாகாமல் இருந்தார்கள்? 2017இல் அமெரிக்காவில் பணியின்போது இறந்த காவலர்கள் 129 பேர், தற்கொலை செய்துகொண்டவர்கள் குறைந்தது 140 பேர். தீயணைப்பு வீரர்களில் பணிச்சாவு 93, தற்கொலை 103. ரூடர்மன் குடும்ப அறக்கட்டளை 2018இல் வெளியிட்ட கணக்கு இது. அந்த விதி ஓர் உயிரையும் பிடித்து நிறுத்தவில்லை. பிள்ளைகளை மட்டும் கல்லூரி வாசலில் நிறுத்தியது.

இங்கே வருவோம். 2020 முதல் 2024 வரை மத்திய ஆயுதப் படைகளில் 730 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பிரதமர் பெயரில் ஒரு படிப்புதவித் திட்டம் இருக்கிறது. 2019இல் அதை ஆண்பிள்ளைக்கு மாதம் 2,500, பெண்பிள்ளைக்கு 3,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். மாநிலப் போலீஸாரின் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். யார் பிள்ளைகளை? பயங்கரவாத, நக்சல் தாக்குதலில் இறந்தவர்களின் பிள்ளைகளை, வருஷத்துக்கு 500 பேரை. நெடுஞ்சாலையில் சிதறிக் கிடந்த உடம்புகளை அள்ளி அள்ளி, ராத்திரி தூக்கம் போய், ஒருநாள் தன்னை முடித்துக்கொண்ட கான்ஸ்டபிளின் மகளுக்கு அந்த 500இல் இடம் இல்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்று 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பிழைத்தவனுக்கு இருக்கிற நியாயம் செத்தவன் பிள்ளைக்கு இல்லையா?

ஏன் இந்தப் பிடிவாதம்? தற்கொலையை வேலைச் சாவு என்று ஒத்துக்கொண்டால், வேலைதான் கொன்றது என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஓய்வில்லாத டூட்டி, மறுக்கப்பட்ட லீவு, அதிகாரி வீட்டு எடுபிடி வேலை, ஏச்சு, சேரியிலிருந்து வந்தவன் என்றால் அதற்கு மேல் சாதிப் பேச்சு, எல்லாம் கணக்குக்கு வரும். ‘குடும்பப் பிரச்சினை’ என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவது அதைவிடச் சுலபம்.

நம் தோழர்களே கேட்பார்கள்: 1999 ஜூலை 23 மறந்துபோச்சா? தாமிரபரணியில் 17 பேர் செத்தது யார் தடியடியில்? காக்கிக்காக நாம ஏன் அழணும்? மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். தடி எடுத்தவன் தண்டனைக்கு உரியவன். அவன் பிள்ளை தடி எடுக்கவில்லை. அப்பனைக் காரணம் காட்டிப் பிள்ளையின் படிப்பை மறிப்பதற்குப் பெயர்தான் சாதி. அதை எதிர்க்கிற நாம் அதே கோலை எடுத்து அளக்க முடியாது. அந்தக் காக்கிக்குள் கான்ஸ்டபிளாக இருப்பவர்களில் நம்ம வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆபத்துக்கு முதலில் ஓடுகிறவன் யார்? 2004 டிசம்பரில் சுனாமி அடித்து 6,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்ட நாகப்பட்டினத்தில், அழுகிய உடல்களை எடுக்கப் பக்கத்து நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள். ஒழுங்கான கையுறைகூட இல்லாமல் எடுத்தார்கள். அந்த நாற்றமும் அந்தக் குழந்தைகளின் முகமும் அவர்களுக்குள் என்ன செய்தது என்று விசாரித்தது யார்? சாக்கடைக் குழியில் செத்தால் 30 லட்சம் கொடு, பிள்ளைகளுக்குப் படிப்புதவி கொடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழிக்குள் சாகாமல், குழியை நினைத்து நினைத்து வீட்டில் செத்தவனுக்கு எந்தத் தீர்ப்பு? அமெரிக்கச் சட்டத்திலும் லாபத்துக்கு நடக்கும் தனியார் ஆம்புலன்ஸ் ஊழியருக்கு இடம் இல்லை. இங்கே ஒப்பந்தக்காரன் கையில் தினக்கூலி வாங்குகிறவனுக்கு இடம் இல்லை. பட்டியல் எழுதும்போதே நம்மை வெளியே வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

படிப்புதவி பிச்சை இல்லை என்று நமக்குச் சொல்லித்தந்தவர் அம்பேத்கர். 1942இல் அவர் வைஸ்ராயிடம் மனுக் கொடுத்து வாதாடினார். 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. அதில் படித்து வந்த தலைமுறை நாம். யாரும் நம் அப்பன் எப்படிச் செத்தான் என்று கேட்டு அதைக் கொடுக்கவில்லை.

ஆகவே நம் கோரிக்கை இது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பிணவறை, துப்புரவு, மயானம் என்று மனிதச் சாவைத் தினமும் தொட்டு வேலை செய்கிற எல்லாரையும் ஒரே பட்டியலில் சேர். நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரிக்காதே. அவர்களில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், வேலை காரணம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசு. குடும்பத்தை அலையவிடாதே. அந்த விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் பிள்ளையின் பீஸைக் கட்டு. உயிரோடு இருக்கிறவனுக்கு லீவும் மருத்துவமும் கொடு. அப்பன் செத்த விதத்தை மருத்துவரும் நீதிபதியும் ஆராயட்டும். பிள்ளையிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என்ன படிக்கப் போற?