மாத்திரையும் மலசலகூடமும்: ஒரு செல்வக் குடும்பத்தின் கொடை எமக்குச் சொல்லும் பாடம்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று எழுதி வருகிறோம். இம்முறை சற்று விலகி, சுகாதாரத்துக்காகக் கொடுக்கப்படும் பணத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். காரணம் உண்டு. புலம்பெயர்ந்து வந்த எம்மவர்களில் பலர் இன்று வசதியாக வாழ்கிறார்கள். ஊர் ஆஸ்பத்திரிக்கு இயந்திரம், அப்பா அம்மா நினைவாக ஒரு வார்டு, விடுமுறைக்குப் போகும்போது ஒரு மருத்துவ முகாம் என்று கொடைகள் பெருகியிருக்கின்றன. சில குடும்பங்கள் தங்கள் பெயரிலேயே அறநிதியம் பதிவு செய்யலாமா என்று யோசிக்கின்றன. நல்ல விடயம். ஆனால் "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று எங்கள் பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல.

இந்த வழியில் எமக்கு முன்னே நடந்த ஒரு பெரும் செல்வக் குடும்பத்தின் கதை எமக்கு உதவும். அந்தக் கதை எமது மலையக உறவுகளின் லயன்களையும் தொட்டுச் செல்வது பலருக்குத் தெரியாது.

எண்ணெயில் பிறந்த நிதியம்

ஜோன் டி. ரொக்பெல்லர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனி மூலம் அமெரிக்காவின் எண்ணெய் வியாபாரத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தவர். அந்த ஆதிக்கம் சட்டவிரோதமானது என்று 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கம்பனியை 34 துண்டுகளாகப் பிரித்தது. அவரது குடும்ப நிதியத்துக்கு மத்திய அரசின் அங்கீகாரம் கேட்டபோது அமெரிக்கக் காங்கிரஸ் இணங்கவில்லை. கடைசியில் 1913இல் நியூயோர்க் மாநிலச் சட்டத்தின் கீழ் ரொக்பெல்லர் நிதியம் உருவானது. தொடக்க காலத்திலேயே 100 மில்லியன் டொலர் அதில் இடப்பட்டது. அந்தக் காலத்து 100 மில்லியன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பம் கையில் எடுத்த முதல் பெரிய நோய் ஒரு சிறிய புழுவால் வருவது. கொக்கிப்புழு. ஊரில் கொழுக்கிப் புழு என்றும் சொல்வார்கள். நோயாளியின் மலத்தோடு அதன் முட்டை மண்ணில் விழும். ஈரமான நிலத்தில் சில நாட்களிலேயே குடம்பியாக மாறும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் குடலை அடையும். அங்கே பல்லைப் பதித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரத்தம் உறிஞ்சும். முகம் வெளிறும், மூச்சு வாங்கும், பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது. ஊரார் அவரைச் சோம்பேறி என்பார்கள். உண்மையில் அவருக்கு இரத்தம் இல்லை.

1909இல் ரொக்பெல்லர் ஒரு மில்லியன் டொலர் கொடுத்து, அமெரிக்காவின் 11 தென் மாநிலங்களில் இந்தப் புழுவுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்குப் புழு இருந்தது. ஊர் ஊராகச் சென்று பரிசோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், நுணுக்குக்காட்டியில் புழு முட்டையை மக்களுக்கே காட்டினார்கள். இந்த அனுபவத்தோடு புதிய நிதியம் கடல் கடந்தது.

மலையகத்துக்கு வந்த மருந்து

1916இல் இலங்கையின் தோட்டங்களில், மாத்தளைப் பகுதியில் தொடங்கி, கொக்கிப்புழு ஒழிப்பு வேலை ஆரம்பமானது. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, லயன் காம்பராக்களில் நெருக்கியடித்து வாழ்ந்த எமது மக்கள்தான் நோயாளிகள். காலில் செருப்பில்லை. மலசலகூடம் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவேதான் எல்லாம். மழை ஓயாத மண். புழுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மருந்து கொடுக்கப்பட்டது. அந்நாளைய மருந்து கடுமையானது. குடித்தவருக்குத் தலைசுற்றும், வயிற்றைப் புரட்டும். ஆனாலும் புழு வெளியேறியது. தொழிலாளி திடமாக இருந்தால் கொழுந்து கூடும் என்பது துரைமாருக்கு விளங்கியது. ஆனால் மலசலகூடம் கட்டுவது என்று வந்தபோது பல தோட்டங்கள் பின்வாங்கின. அது செலவு. விளைவு என்ன? மருந்து குடித்து எழுந்தவர் அதே மண்ணில், அதே வெறுங்காலோடு நடந்தார். புழு திரும்பவும் ஏறியது.

வைத்தியர்களான நாம் இதைத் தினமும் பார்க்கிறோம். இரத்தச்சோகை உள்ளவருக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பது எளிது. இரத்தம் எங்கே போகிறது என்று தேடுவதுதான் வைத்தியம். மலையகத்தில் இரத்தம் போன இடம் குடலில் மட்டும் அல்ல. குறைந்த கூலியிலும் நெருக்கமான லயனிலும் குரலற்ற வாழ்விலும் அது போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்க நிதியத்தால் முடியவில்லை. தோட்டத்துக்குள் நுழையவே துரையின் அனுமதி வேண்டியிருந்தது.

களுத்துறையில் விளைந்த நன்மை

இதோடு கதை முடிந்திருந்தால், "பணக்காரரின் விளம்பரம்" என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர்கள் பாடம் கற்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1926இல் அரசாங்கத்தோடு சேர்ந்து களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு நோய்க்கு ஒரு மருந்து என்ற முறையை விட்டு, ஒரு பிரதேச மக்களின் முழுச் சுகாதாரத்தையும் ஓர் அணி பொறுப்பேற்றது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதி, வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சி என்று அந்த அணி அமைந்தது.

இந்தப் பெயர்கள் எங்கோ கேட்டவை போல இருக்கிறதா? ஆம். எமது ஊர்களில் கிணற்றுக்குக் குளோரின் போட வந்த பி.எச்.ஐ. ஐயாவும், எம்மில் பலர் பிறந்தபோது பக்கத்தில் நின்ற மருத்துவிச்சி அம்மாவும் அந்த ஏற்பாட்டின் வழி வந்தவர்களே. களுத்துறை முறை பின்னர் தீவு முழுவதும் பரவியது. அரசு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. கொடுத்தவர்கள் போன பின்னும் அது நின்றது. எமது அபிப்பிராயத்தில் ஒரு கொடையின் உண்மையான அளவுகோல் இதுதான்.

நாம் வாழும் இந்தக் கனடாவிலும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சுகாதாரக் கல்லூரி 1920களில் இதே நிதியத்தின் பணத்தால் கட்டியெழுப்பப்பட்டது. மஞ்சட் காய்ச்சலுக்கு இன்றும் நாம் போடும் தடுப்பூசி அந்த நிதியத்தின் ஆய்வுகூடத்தில் உருவானது. அதற்காக மக்ஸ் தெய்லர் 1951இல் நோபல் பரிசு பெற்றார்.

கேள்வி கேட்கப்படாத பணம்

இனி மறுபக்கம். 1914 ஏப்ரல் 20ஆம் திகதி, கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கப்பட்டது. ஒரு கூடாரத்தின் கீழே தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் 11 பிள்ளைகளும் மாண்டார்கள். பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தச் சுரங்கக் கம்பனியில் பெரும் பங்கு வைத்திருந்தது ரொக்பெல்லர் குடும்பம். ஒரு கையால் புழுவுக்கு மருந்து கொடுத்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது.

அதன் பின் தொழிலாளர் உறவு பற்றி ஆராய நிதியம் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அவர் பின்னாளில் கனடாவின் பிரதமரான மக்கன்சி கிங். எமது 50 டொலர் தாளில் இருப்பவர்தான். ஒரு கம்பனியின் பிரச்சினையை ஆராய அதே குடும்பத்தின் அறநிதியமா என்று அன்றே கேள்வி எழுந்தது. அமெரிக்க அரசின் ஆணைக்குழு ஒன்று ரொக்பெல்லர்களை அழைத்து விசாரித்தது.

அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. அரசு தவறு செய்தால் வாக்கால் மாற்றலாம். தனியார் நிதியத்துக்கு யார் வாக்களித்தார்கள்? அதுவும், அறக்கொடைக்கு அரசு வரிச் சலுகை கொடுக்கிறது. ஆகவே அந்தப் பணத்தில் பொதுமக்களுடைய பங்கும் இருக்கிறது. கனடாவில் இத்தகைய நிதியங்கள் முதலீடாக வைத்திருக்கும் சொத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் செலவிட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். 2023இலிருந்து, 10 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட சொத்துக்கு அது 5 வீதம். எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லும். யாரிடம் கேட்டு, எதற்கு என்பது கொடுப்பவரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டிருக்கிறது.

எமக்கு என்ன?

"அவர்கள் கோடீஸ்வரர்கள். நாங்கள் ஐம்பது நூறு கொடுப்பவர்கள்" என்று சிலர் நினைக்கலாம். தொகை வேறு, ஆனால் விதி ஒன்றே. சுகாதாரத்துக்கு ஒரு டொலர் கொடுப்பவரும் பின்வரும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம் என்பது எமது பணிவான கருத்து.

முதலாவது: அங்கே இருப்பவர்களைக் கேட்டோமா? ஊர் ஆஸ்பத்திரிக்கு என்ன வேண்டும் என்பது அங்குள்ள தாதிக்கும் வைத்தியருக்கும், நீண்ட வரிசையில் நிற்கும் நோயாளிக்கும் தெரியும். எமது வரவேற்பறையில் முடிவாகக் கூடாது.

இரண்டாவது: நாம் வந்த பிறகு நோய் எங்கிருந்து திரும்பும்? சிறுநீரக நோயாளிக்கு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் அவசியம்தான். அதே நேரம், அந்த ஊரில் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் ஆரம்பத்திலேயே கண்டு பிடித்துக் கட்டுப்படுத்த யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது: ஐந்து வருடத்துக்குப் பின் இதை யார் நடத்துவார்? இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வேண்டும், இயக்கத் தெரிந்தவர் வேண்டும், தடையில்லா மின்சாரம் வேண்டும். ஒரு நாள் முகாமில் அழுத்தம் கூடியவர் என்று கண்டவருக்கு அடுத்த மாதம் மருந்து யார் கொடுப்பார்?

நான்காவது: கணக்கைப் பகிரங்கமாகக் காட்டுவோமா? பெயர்ப்பலகையும் திறப்புவிழாப் படமும் கணக்கு ஆகாது.

இந்த நான்குக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள், அதில் குற்றம் இல்லை. பதில் இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்து, கேட்டு, பிறகு கொடுங்கள்.

எம்மில் பலர் இலவசக் கல்வியில் படித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்து, பின்னர் அகதியாக அந்நிய மண்ணில் இறங்கியவர்கள். யாரோ முன்பின் தெரியாதவர்களின் வரிப்பணமும் நன்கொடையும் எம்மைத் தாங்கின. வாங்கிய கை எப்படி இருக்கும் என்று எமக்குத் தெரியும். அதனால்தான் கொடுக்கும்போது இன்னும் கவனமாக இருக்கவேண்டிய கடமை எமக்கு உண்டு. எமது சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் சுகாதார நிதி பற்றிப் பேசப்படும்போது, இந்தக் கேள்விகளை யாராவது ஒருவர் எழுந்து கேட்டால் இக்கட்டுரை எழுதிய பயன் கிடைத்துவிடும்.