பத்துமலைக்கு நாற்பது நிமிடம்



புலாவ் இண்டாவில் சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கும் நாள்களில் ஷா ஆலத்துச் சாலைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முன்கண்ணாடியில் எண் ஒட்டிய பேருந்துகள் காலையிலேயே கோலாலம்பூர்ப் பக்கம் வரிசையாகப் போகும். ஒன்றிரண்டு நம் நீல மசூதிக்குத் திரும்பும். மற்றவை நிற்காமல் இரட்டைக் கோபுரத்துக்கும் பத்துமலைக்கும் ஓடிவிடும். மாலையில் அதே பேருந்துகள் திரும்பி வரும்போது உள்ளே பாதிப் பேர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் கையில் இருக்கும் பயணப் பட்டியலில் இந்த நிறுத்தத்தின் பெயர் பெரும்பாலும் ‘கோலாலம்பூர்’ என்றே இருக்கும். இறங்கிய இடத்துக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் இருப்பதும், நெரிசல் நேரத்தில் அந்த 60 என்ன பாடுபடுத்தும் என்பதும் நமக்குத்தான் தெரியும்.

பத்துமலை அடிவாரத்தில் இந்தப் பயணிகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சட்டையில் வட்டமாக ஓர் எண் ஒட்டியிருக்கும். வழிகாட்டி அதே எண்ணை ஓர் அட்டையில் எழுதித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார். “நாற்பது நிமிடம், பேருந்து இதே இடத்தில்” என்பார். 272 படி, உச்சி வெயில். முழங்கால் வலியோடு வந்த பாட்டி 42.7 மீட்டர் முருகனை அண்ணாந்து பார்த்துவிட்டு இளநீர்க் கடை நிழலில் உட்கார்ந்துவிடுவார். பேரன் பாதிப் படி ஏறி, குரங்கோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கி வருவான். மேலே குகைக்குள் யார் இருக்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. ஊருக்குப் போய் மலேசியா பார்த்தோம் என்பார்கள். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. மத்தியத்தரைக் கடல் கப்பல் பயணம் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் கொஞ்ச காலமாகவே கூடிவிட்டன. மண்டபம் எடுத்து ஐந்நூறு பேருக்கு இலை போட்டு அறுபதாம் கல்யாணம் செய்வதற்குப் பதில், பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து அப்பா அம்மாவைப் பேரப்பிள்ளைகளோடு கப்பலில் அழைத்துப் போகிறார்கள். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். பெட்டியை ஒரே ஒருமுறை பிரித்தால் போதும். ஒவ்வொரு காலையும் சன்னலுக்கு வெளியே வேறொரு ஊர். மூன்று தலைமுறை சேர்ந்து போக இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அங்கே அந்த எண் ஒட்டிய பேருந்துக்குள் உட்காரப்போவது நாம். அதனால் கப்பலில் எத்தனை நீச்சல் குளம், எத்தனை மாடி என்று பார்ப்பதற்கு முன்னால், அது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பட்டியலில் ‘ரோம்’ என்றிருந்தால் கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். நம் புலாவ் இண்டா கணக்கைவிட ஒரு படி மேல். ‘ஃபுளோரன்ஸ், பீசா’ என்றால் லிவோர்னோ துறைமுகம். பீசா பக்கத்தில்தான் இருக்கிறது, ஃபுளோரன்ஸுக்கு 90 கிலோமீட்டர் போக வேண்டும். வெனிஸ் இன்னும் சிக்கல். பெரிய கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் ஊர்ந்து போகும் அந்தப் பிரபலமான காட்சிக்கு இத்தாலிய அரசு 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை போட்டுவிட்டது. இப்போது பல கப்பல்கள் ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ நிற்கின்றன. அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டு மணி நேரச் சாலை. போக இரண்டு, வர இரண்டு. மிச்சம் என்ன இருக்கும்?

நேப்பிள்ஸ், பலேர்மோ, மால்டாவின் வலெட்டா போன்ற இடங்களில் கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். பார்சிலோனாவும் துறைமுகத்தை ஒட்டியதுதான். ஏதென்ஸுக்கான பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மெட்ரோ ரயில் இருக்கிறது. சந்தோரினியில் கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும். சிறு படகில் கரைக்குப் போய், கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும். நிற்க முடியாது என்றால் 500-க்கும் மேற்பட்ட படிகள், இல்லையேல் கழுதை. பத்துமலையில் பாதியில் உட்காரும் அப்பாவை அங்கே அழைத்துப் போகிறவர்கள் கேபிள் கார் வரிசைக்கென்றே ஒரு மணி நேரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

என் கட்சி இதுதான்: ரோமைக் கப்பலிலிருந்து இறங்கி ஒரே நாளில் பார்க்காதீர்கள். சிவித்தாவெக்கியாவில் தொடங்கும் பயணமாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு நாள் முன்னதாகவே ரோமுக்குப் பறந்துவிடுங்கள். விமானம் தாமதமானாலும் கப்பல் தப்பாது, வாடிகனையும் மூச்சு விட்டுப் பார்க்கலாம். மற்ற துறைமுகங்களில், தூரம் போக வேண்டிய இடத்துக்கு மட்டும் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவைப் பணம் கட்டி வாங்குங்கள். அந்தப் பேருந்து நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக வாடகை வண்டி பிடித்துப் போய் மாட்டிக்கொண்டால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். கப்பல் ஊர் நடுவே நிற்கும் இடங்களில் சுற்றுலாவே வேண்டாம். நடங்கள். காப்பிக் கடையில் உட்காருங்கள். அங்குள்ள பாட்டிமார் சந்தையில் எப்படித் தக்காளி பொறுக்குகிறார்கள் என்று பாருங்கள்.

நேப்பிள்ஸில் இறங்குகிறவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். எல்லாரும் பொம்பெய்க்குப் போவார்கள், கி.பி. 79-இல் வெசூவியஸ் சாம்பலில் புதைந்த ஊர், போக வேண்டியதுதான். ஆனால் அந்த ஊரில் தோண்டியெடுத்த அருமையான பொருள்கள் பல நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துறைமுகத்துக்கு எதிரே முனிசிப்பியோ நிலையத்தில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம். அங்கே, சுமார் கால் மீட்டர் உயரத்தில், தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண். கழுத்திலும் இடுப்பிலும் அடுக்கடுக்காக ஆபரணம், கையில் வரிசையாக வளையல், இரண்டு பக்கமும் சின்னதாக இரு தோழியர். நம் கோயில் தூணிலிருந்து இறங்கி வந்தவள் போலிருப்பாள். இந்தியாவில் செய்து, கடல் கடந்து போய், எரிமலை வெடிப்பதற்கு முன்பே பொம்பெயில் ஒரு வீட்டுக்குள் புகுந்தவள். 1938-இல் கண்டெடுத்தபோது லட்சுமி என்று பெயர் வைத்தார்கள்; யட்சி என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. ஒரே ஒரு சங்கடம். இவளை ‘ரகசிய அறை’ என்ற பகுதியில், பண்டைய ரோமானியரின் கொஞ்சம் கூச்சம் தரும் ஓவியங்கள், சிலைகளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

ரோமிலும் இப்படி ஒன்று உண்டு. ஃபோரத்தில் மக்ஸென்சியஸ் கட்டத் தொடங்கிய பெரிய மண்டபத்தின் வளைவுகளை எல்லாரும் படம் எடுப்பார்கள். அதன் அடியில், முதல் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தொமிசியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. சேரக் கடற்கரையில் ஏற்றிய மிளகு போய்ச் சேர்ந்த ஊர் அது. வழிகாட்டி சொல்வாரோ மாட்டாரோ, நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு ஷெங்கன் நாடுகளில் குறுகிய காலம் தங்க விசா வேண்டியதில்லை. ஆனால் நம் வீடுகளில் இன்னும் குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் தாத்தா பாட்டிகள் உண்டு. இந்தியக் கடப்பிதழ் என்றால் அவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். கப்பல் நடுவே துருக்கியில் நின்று மறுபடி கிரீஸுக்குத் திரும்புவதாக இருந்தால், பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும், துருக்கிக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். கட்டணம் கட்டிய பிறகு இது தெரியவந்து பாட்டியை வீட்டில் விட்டுப் போவதைவிட, முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கிழக்குப் பக்கம் போகும் பயணங்களில் இஸ்ரேல் துறைமுகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் கடப்பிதழ் அங்கே செல்லாது. பருவத்தைப் பொறுத்தவரை மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் இதம். ஆகஸ்ட் வெயிலில் பொம்பெய்க் கற்களில் நடப்பது நமக்கே கடினம்.

இனி சாப்பாடு. தொலைபேசியில் பேசுகிற எல்லாருக்கும் இதுதான் முதல் கேள்வி. பஃபேயும் பெரிய சாப்பாட்டுக் கூடமும் பொதுவாகக் கட்டணத்திலேயே அடங்கும். ஸ்டேக், சுஷி என்று தனிப் பெயர் போட்ட உணவகங்களுக்குத் தனிக் காசு. பல கப்பல்களில் ஊழியர் அன்பளிப்பை ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே சேர்த்துவிடுவார்கள். நான்கு பேர் ஏழு இரவு என்றால் அதுவே நல்ல தொகை, முன்பே கேட்டு வையுங்கள். சைவம் என்றால் பயணச்சீட்டு எடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் நாள் மாலையே கூடத்தின் தலைமைப் பரிமாறுநரைப் பாருங்கள். பெரிய கப்பல்களின் சமையலறைகளில் கோவா, மும்பைக்காரர்கள் நிறைய. முந்தின இரவே சொல்லிவைத்தால் மறுநாள் பருப்பும் பனீரும் சீரகச் சோறும் மேசைக்கு வரும். இட்லியை எதிர்பார்க்காதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் லசாஞ்யாவிலும் சிவப்புக் குழம்பு ஊற்றிய பாஸ்தாவிலும் கவனமாக இருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் அரைத்துப் போட்டிருப்பார்கள். சின்ன ரைஸ் குக்கரைப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கும் அம்மாக்களுக்கு: ஏறும்போதே கருவிச் சோதனையில் பிடித்து வாங்கி வைத்துவிடுவார்கள், இறங்கும்போதுதான் கிடைக்கும். மூடிப் பொட்டலமிட்ட ஊறுகாயும் சம்பலும் பெரும்பாலும் தப்பிவிடும்.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாத வீடுகள் முதலில் இங்கேயே பழகிப் பார்க்கலாம். 1993-இல் கெந்திங் குழுமம் ஸ்டார் குரூசஸைத் தொடங்கிய பிறகுதான் கிள்ளான் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு உல்லாசக் கப்பல் என்பதே பழக்கமானது. அதன் தாய் நிறுவனம் 2022-இல் மூடப்பட்டாலும், அதே ஆண்டில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதுப் பெயரில் ஓட்டம் மறுபடி தொடங்கியது. இரண்டு மூன்று இரவு போய் வந்தால் யாருக்குத் தலைசுற்றும், யாருக்குக் கீழ்த்தளத்து நடு அறை எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கப்பலையும் பஃபேயையும் பற்றி எழுதும்போது, நம் பெரியவர்களை ஏற்றி வந்த ராஜுலாவை எப்படி விடுவது? 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் சொல்லும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. கட்டியபோது 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற இடம் இருந்ததாம். அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. டிரங்குப் பெட்டியை ஓரத்தில் வைத்துப் பாயை விரித்தால் அதுதான் இடம். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வந்த தொழிலாளர்களுக்குக் கரையிறங்கல் என்றால் முதலில் தொற்றுத் தடுப்பு முகாம். ராஜுலா எழுபதுகளின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அடுத்து எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அத்தோடு அந்தக் கப்பலின் ஓட்டமும் நின்றது.

இந்தக் கப்பல்களின் நீளம், எடை, ஓடிய பாதை எல்லாம் எழுத்தில் கிடைக்கின்றன. சாப்பாடு எப்படி இருந்தது, யார் பரிமாறினார், வீட்டிலிருந்து என்ன கட்டிக்கொண்டு ஏறினார்கள், அலையில் எது வயிற்றில் நின்றது என்பதெல்லாம் வந்தவர்களின் வாயில்தான் இருக்கிறது. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஷா ஆலத்திலும், ராஜுலாவிலோ சிதம்பரத்திலோ வந்த பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எங்களுக்கு அனுப்புங்கள். கையெழுத்தானாலும் சரி, குரல் பதிவானாலும் சரி, தட்டச்சு செய்துகொள்வது எங்கள் வேலை. பழைய பயணச்சீட்டோ படமோ இருந்தால் அசலை அனுப்ப வேண்டாம், நகல் போதும். இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர்பவற்றை அடுத்த இதழிலேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்