கல்விக் கடனும் காகிதச் சுவரும்



பள்ளியிறுதித் தேர்வில் நன்கு தேறிய பிள்ளை, "இனி என்ன படிக்கலாம்?" என்று கேட்கும் வேளையில், "பணத்திற்கு என்ன செய்வது?" என்ற கேள்வியும் வீட்டிற்குள் நுழைந்துவிடுகிறது. பிறந்த மண்ணில் வாழும் குடும்பங்களுக்கே இது பெரும் பாரம். அயல்நாட்டில் புதிதாய்க் குடியேறியோர்க்கோ, பணமில்லை என்னும் கவலையோடு பத்திரமில்லை என்னும் கவலையும் சேர்ந்துகொள்கிறது. தமிழர் பலர் குடியேறிய கனடா நாடே இதற்குச் சான்று.

கனடா அரசின் மாணவர் கடன் திட்டம் 1964-இல் தோன்றியது. வசதியற்றோரும் கல்லூரி செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும், குடிமக்களும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோரும் மட்டுமே நெடுங்காலம் அதனால் பயனடைந்தனர். 1983-இன் இனக்கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக அங்கே தஞ்சம் புகுந்தனர். அவ்வாறு வந்த ஒருவரை அகதியென அரசே ஏற்றுக்கொண்ட பின்னரும், வதிவிட உரிமைப் பத்திரம் கைக்கு வரும்வரை அவருக்குக் கல்விக் கடன் கிடையாது.

அந்தப் பத்திரமோ எளிதில் கிட்டவில்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், அகதிகளிடமும் அடையாளச் சான்று கோரியது. 1991-இல் அரசே சிதைந்துபோன சோமாலியாவிலிருந்து ஓடிவந்தவர், கடவுச்சீட்டுக்கு எவரிடம் போவார்? 1995-இல் வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் 975 டாலர் கட்டணமும் விதிக்கப்பட்டது; 2000-இல்தான் அகதிகளுக்கு அது நீங்கியது. காத்திருந்த ஆண்டுகளில் பள்ளிக்கதவு பிள்ளைகளுக்குத் திறந்திருந்தது. கல்லூரிக்கதவோ பணமின்றி அடைபட்டுக் கிடந்தது. அகதிகளுக்காகப் பரிந்து பேசியோர் விடாது முறையிட்டனர். 2003-இல், அகதியென ஏற்கப்பட்டோரும் கடன் பெறலாம் என விதி மாறியது.

விதி மாறியதால் இடர் யாவும் தீர்ந்தனவா? இல்லை. அகதிக் கோரிக்கை இன்னும் தீர்ப்பாகாதோர் இன்றும் இத்திட்டத்திற்குப் புறம்பானவர்களே. ஏற்கப்பட்டோரும் அதற்குரிய சான்றைக் காட்டியாக வேண்டும். அவர்களுடைய தற்காலிகச் சமூகக் காப்புறுதி எண்ணுக்குக் காலவரம்பு உண்டு. அது கடந்துவிட்டால் சிக்கல். நம்மவர்க்குத் தந்தையின் பெயரே முன்னெழுத்து; ஒரு தாளில் அது குடும்பப் பெயராகவும், மற்றொன்றில் முதற்பெயராகவும் பதிந்துவிட்டால், இரண்டும் ஒருவரே என மெய்ப்பிக்க அலைய வேண்டும். பெற்றோரின் வருமானம் வரிக் கணக்கைக் கொண்டே சரிபார்க்கப்படுகிறது. சென்ற ஆண்டு வேறு நாட்டில் வாழ்ந்தவர், போரில் கணவரை இழந்தவர் ஆகியோர் எந்தக் கணக்கைக் காட்டுவர்?

இவற்றினும் பெரிய தடை ஒன்று வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. அது கடனைப் பற்றிய அச்சம். வட்டிக்கு வாங்கி நிலமிழந்த குடும்பங்களின் நினைவு நம்மவர் நெஞ்சிலிருந்து எளிதில் அகலுவதில்லை. ஆனால் கனடாவில், குறைந்த வருவாயுள்ள குடும்பத்து மாணவர்க்குத் திருப்பிச் செலுத்த வேண்டாத மானியமும் உண்டு. மத்திய அரசு தரும் கடனுக்கு 2023 ஏப்ரல் முதல் வட்டி இல்லை. படிப்பு முடிந்து ஆறு மாதங்களுக்குப் பின்னரே திருப்பிச் செலுத்தும் கடமை தொடங்குகிறது. தனி நபர் ஒருவர் ஆண்டுக்கு 40,000 டாலர் ஈட்டும்வரை, விண்ணப்பித்தால் தவணையிலிருந்து விலக்குப் பெறலாம் என 2022 நவம்பரில் வரம்பு உயர்த்தப்பட்டது. கேளாதவர்க்கு இச்சலுகை தானே வந்து சேராது என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே, அங்கே உறவினர் இருப்போர் அடுத்த மடலில் இவற்றை எழுதி அறிவியுங்கள். ஊகத்தால் படிவத்தை நிரப்பிப் பின்னர் இடர்ப்பட வேண்டாம். கல்லூரியிலுள்ள நிதியுதவி அலுவலகத்தை முதலில் அணுகச் சொல்லுங்கள். பெயரும் பிறந்த தேதியும் எல்லாத் தாள்களிலும் ஒன்றுபோல் உள்ளனவா என்று, பிள்ளை பள்ளியில் படிக்கும்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முன்னே சென்று நிலைபெற்றவர்க்கும் ஒரு கடமை உண்டு. புதிதாய் வந்தவருக்கு விருந்து வைப்பது நன்று. ஒரு மாலைப்பொழுது அவர் பிள்ளையோடு அமர்ந்து, அந்தப் படிவத்தை நிரப்பித் தருவது அதனினும் நன்று.